எல்லா வயசுக்கும் ஃபிசிக்ஸ், மேத்ஸ் எடுக்கறதையே பொழப்பா வெச்சுக்கலாமா? வடசென்னை ஆளுங்க சொல்லுங்க

தண்டையார்பேட்டை டீச்சர் | ஞாயிறு, இரவு 9:12

எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ், பி.எட். முடிச்சிட்டு தண்டையார்பேட்டைல எங்க வீட்டு மொட்டமாடியில ஷீட்டு போட்டு டியூஷன் எடுத்துட்டு இருக்கேன். சாயங்காலம் ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் பசங்க, எட்டு மணிக்கு மேல பெரியவங்க. பெரியவங்கன்னா ரயில்வே குரூப் டி எழுதறவங்க, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதறவங்க, பத்தாவத தனித்தேர்வரா எழுதப்போற ரெண்டு அக்கா, அப்புறம் ஹார்பர்ல லோடு கட்டற வேல பாக்கற ஒரு அண்ணன். அந்த அண்ணன் எந்த பரீட்சையும் எழுதல, மவ வீட்டுப்பாடத்துல கேக்கறதுக்கு பதில் சொல்லணும், அதுக்கு மட்டும்தான் வராரு.

இப்ப ஒரு நீட் கோச்சிங் சென்டர்ல கூப்புடறாங்க. ஃபிசிக்ஸ் மட்டும், ரிப்பீட்டர் பேட்ச் மட்டும் (நீட்ட மறுபடியும் எழுதற பசங்க), காலைல எட்டுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். நான் மாடியில சம்பாதிக்கறத விட ரெண்டு மடங்குக்கு மேல சம்பளம். அங்க போனா மாடி கிளாஸ மூடிட வேண்டியதுதான். வீட்ல எல்லாரும் போன்னு சொல்றாங்க, மாமியார் மட்டும்தான் உனக்கு எது புடிக்குதோ அதப் பண்ணும்மான்னு சொன்னாங்க.

நான் ஏன் இழுத்துட்டு இருக்கேன்னா, எல்லா வயசும் ஒரே எடத்துல உக்காரறதால எனக்கு கண்ணுக்கு தெரிஞ்ச ஒரு விஷயம் இருக்கு. ஏழாவது படிக்கற பையன் 1/2 + 1/3 போட சொன்னா மேல இருக்கறத மேலயும் கீழ இருக்கறத கீழயும் கூட்டி 2/5ன்னு எழுதறான். பத்தாவது பொண்ணு கிட்ட 6 ஓம், 3 ஓம் ரெண்டு மின்தடைய பக்க இணைப்புல போட்டா எவ்ளோன்னா 9ன்றா, ஃபார்முலா ஞாபகம் வந்தா கூட 1/6ஐயும் 1/3ஐயும் கூட்டி 2/9ல போய் நிக்கறா. குரூப் 4 தம்பி கிட்ட ஒருத்தர் 6 நாள்ல முடிக்கற வேலைய இன்னொருத்தர் 3 நாள்ல முடிப்பாரு, சேந்து செஞ்சா எத்தன நாள்னு கேட்டா நாலரை நாள்னு சொல்றாரு, தனியா செஞ்சாலே 3 நாள்ல முடிக்கற ஆளுக்கு துணைக்கு ஆள் வந்தா எப்படி நாள் ஏறும்னு அவரு யோசிக்கல. பிளஸ் டூ பையன் குவிலென்சுக்கு 6 செ.மீ. தள்ளி பொருள வெச்சா அந்தப்பக்கம் 3 செ.மீ.ல பிம்பம், குவியத்தூரம் எவ்ளோன்றதுல அதே எடத்துல முட்டறான். புக்கு வேற, பரீட்சை வேற, வயசு வேற, எல்லாரும் முட்டறது பின்னக் கூட்டல்லதான்.

ஒரு நாள் இந்த கடைசி மூணு கணக்கையும் ஒரே போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதி மூணு பேரையும் ஒக்கார வெச்சேன். மூணுக்கும் விடை 2. ஒரு நாளைக்கு இவரு ஆறுல ஒரு பங்கு, அவரு மூணுல ஒரு பங்கு, சேந்தா பாதி, அப்ப ரெண்டு நாள். கரண்டும் அப்படித்தான், இன்னொரு வழி தொறந்தா போறது ஜாஸ்தியாவுது, அதனால மொத்த தடை ரெண்டுத்துல சின்னதுக்கும் கீழ எறங்குது. லென்ஸ் மட்டும் காரணம் வேற, ஆனா கணக்கு அதே கணக்கு. அந்த குரூப் 4 தம்பி ஏழாவது பையன் நோட்ட வாங்கி அவனுக்கு சொல்லிக்குடுத்தாரு, அத பாத்துட்டு எனக்கு தூக்கமே வரல.

ஒரே ஒரு வயசு, ஒரே ஒரு பரீட்சைன்னு போயிட்டா இது கைய விட்டு போயிடுமோன்னு இருக்கு. இத வெச்சு காலம் பூரா பொழைக்க முடியுமா? யாராவது இந்த மாதிரி பண்றீங்களா?

கொருக்குப்பேட்ட கேட் | ஞாயிறு, இரவு 9:31

போங்கக்கா, ரெண்டு மடங்கு துட்டு குடுக்கறான்றீங்க, இதுல யோசிக்க இன்னா இருக்கு. வாடக, கரண்டு, பால், கேஸு, எல்லாம் ஏறிக்கினே போவுது.

எம்.கே.பி. நகர் ஃபிசிக்ஸ் | ஞாயிறு, இரவு 10:05

நான் நீட் கோச்சிங்ல ரொம்ப வருஷமா இருக்கேன், அதனால மேடம் கிட்ட நேராவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எல்லா வயசுக்கும் எடுக்கறதுன்றது கேக்க நல்லா இருக்கு. ஆனா நீட்ல ஃபிசிக்ஸ் 45 கேள்வி, 180 மார்க். மொத்த பேப்பர் 180 கேள்வி, 180 நிமிஷம். பயாலஜிய சீக்கிரம் முடிச்சு மிச்சம் புடிச்சா கூட ஒரு ஃபிசிக்ஸ் கணக்குக்கு ஒன்றரை நிமிஷம் கெடச்சா பெருசு. ரொட்டேஷன்ல ஒரு கணக்கு வந்தா டார்க்கா, எனர்ஜியா, ஆங்குலர் மொமென்டமா, எதுல போனா சீக்கிரம் முடியும்னு பத்து செகண்டுல புடிக்கணும். அத ஒரு பையனுக்கு பழக்கணும்னா வாத்தியார் தெனமும் அந்த லெவல் கணக்குலயே கெடக்கணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏழாவது பையனுக்கு மீ.பொ.ம., எட்டு மணிக்கு குரூப் டிக்கு சதவீதம், நடுவுல பிளஸ் டூன்னா எதுலயும் கூர்மை வராது. நான் பாத்த வரைக்கும் அப்படித்தான்.

இன்னொன்னு. நம்ம ஏரியா கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு 2020ல 7.5 சதவீத ஒதுக்கீடு வந்ததுக்கு அப்புறம் மெடிக்கல் சீட்டுன்றது எட்டற தூரத்துக்கு வந்திருக்கு. அதுல எத்தனையோ புள்ளைங்க ஃபிசிக்ஸ்ல மட்டும்தான் உழுவுதுங்க. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு டாக்டர் ஆனா அந்த குடும்பமே மேல வரும். அந்த வேலைக்கு உங்கள மாதிரி ஆளு வேணும். அத சின்ன வேலன்னு நெனச்சுக்காதீங்க.

ராயபுரம் ரிட்டயர்டு வாத்தியார் | திங்கள், காலை 5:50

அம்மா, நான் மேல்நிலைப் பள்ளியில கணக்கு முதுகலை ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, மறுக்கல. ஆனா அவர் ஒரு பக்கத்த மட்டும் சொல்றார்.

பிளஸ் ஒன்ல வெக்டார் வரலன்னு சொல்ற பசங்கள உக்கார வெச்சு பின்னால பின்னால போயிட்டே இருந்தேன்னா, எட்டாவதுல குறியீடு, ஆறாவதுல பின்னம், சில சமயம் நாலாவதுல இட மதிப்புலயே போய் நிக்கும். மேல் கிளாஸ் மட்டும் எடுக்கற வாத்தியாருக்கு அது தெரியவே தெரியாது, பையன் சுமார்னு ஒரு வார்த்தைல முடிச்சிடுவார். நான் ஹெட்மாஸ்டர் கிட்ட கேட்டு வாங்கி வாரத்துல ரெண்டு பீரியடு ஆறாவதுக்கு போவேன். சக ஆசிரியர்களுக்கு அது புரியல, பிளஸ் டூ எடுக்கறவர் கீழ எறங்கறாரேன்னு பாத்தாங்க. கடைசி வரைக்கும் நான் அத விடல.

பி.கே. சீனிவாசன் சாரை இப்போ எத்தன பேருக்குத் தெரியும்னு தெரியல. முத்தியால்பேட்டை பள்ளியில கணக்கு வாத்தியாரா இருந்தவர். ராமானுஜன பத்தின கடிதங்கள், அவர பழகினவங்களோட நினைவுகள், இதையெல்லாம் ஊர் ஊரா தேடிச் சேத்து 1968ல ரெண்டு தொகுதியா கொண்டு வந்தார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலைய ஒரு பள்ளிக்கூட வாத்தியார் செஞ்சார். அப்புறம் 1993ல நம்ம ராயபுரத்துலயே ராமானுஜன் மியூசியத்த ஆரம்பிச்சு, அதோட கணக்கு சொல்லிக்குடுக்கற ஒரு மையமும் நடத்தினார், 2005ல காலமானார். அவர் கிட்ட சின்னப் புள்ளைங்களும் போவாங்க, வாத்தியாருங்களும் போவாங்க. அட்டைய வெட்டி, காகிதத்த மடிச்சு, சதுரத்தையும் முக்கோணத்தையும் கைல குடுத்துத்தான் ஆரம்பிப்பார். இது கீழ் கிளாசுக்கு, இது மேல் கிளாசுக்குன்னு அவர் கணக்க பிரிச்சு வெக்கல.

ராமானுஜனே 1912ல இங்க ஹார்பர நடத்தின மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல மாசம் 30 ரூபாய்க்கு குமாஸ்தாவா சேந்தவர்தான். அங்க சீஃப் அக்கவுன்டன்டா இருந்த நாராயண ஐயரும் கணக்கு தெரிஞ்சவர், ரெண்டு பேரும் சாயங்காலம் பலகைய வெச்சுக்கிட்டு உக்காருவாங்க. அடுத்த வருஷம் ஜனவரில கேம்பிரிட்ஜ்ல இருந்த கணித மேதை ஹார்டிக்கு எழுதின கடிதத்துலயும் நான் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவு குமாஸ்தான்னு சொல்லித்தான் ஆரம்பிக்கறார். உங்க கிட்ட ஹார்பர்ல இருந்து ஒரு அண்ணன் வரார்னு படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அவர தயவுசெய்து விட்டுடாதீங்கம்மா.

கொடுங்கையூர் அம்மா | திங்கள், காலை 10:20

என் பொண்ணு பிளஸ் ஒன். போன வருஷம் ஒரு பெரிய சென்டர்ல சேத்தோம், பேரு வேணாம். மொத ரெண்டு மாசத்துல மூணு ஃபிசிக்ஸ் சார் மாறிட்டாங்க. ஒருத்தர் விட்ட எடத்துல இன்னொருத்தர் ஆரம்பிக்கல. ஃபீஸ் முழுசா கட்டியாச்சு, கேட்டா ஆப்ல வீடியோ இருக்கு பாத்துக்கோன்னு சொல்றாங்க. அவளுக்கு தேவை வீடியோ இல்ல, இவளுக்கு எது வரல, ஏன் வரலன்னு தெரிஞ்ச ஒரு ஆளு. டீச்சர் மாதிரி ஒரே எடத்துல இருக்கறவங்கள நாங்க தேடிட்டு இருக்கோம். அத மட்டும் சொல்லிக்கறேன்.

தண்டையார்பேட்டை டீச்சர் | திங்கள், பகல் 1:15

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, நீங்க எழுதினத என் வீட்டுக்காரருக்கு படிச்சு காட்டினேன்.

எம்.கே.பி. நகர் சார், கூர்மை போயிடும்னு சொன்னீங்க, அதுக்கு பதிலா ஒன்னு சொல்றேன், எனக்கு இது நேர் எதிரா நடந்திருக்கு. பிளஸ் ஒன்ல விசைகளப் பிரிக்கறது எடுத்துட்டு இருந்தேன். ஒரு எடைய ரெண்டு கயித்துல தொங்க விட்டா ஒவ்வொரு கயித்துலயும் இழுவிசை எவ்ளோ. பசங்க டி காஸ் தீட்டா, டி சைன் தீட்டான்னு எழுதிடுவாங்க, விடையும் வரும், ஆனா ரெண்டு கயித்துக்கும் நடுவுல கோணம் ஏறினா இழுவிசை ஏறுமா எறங்குமான்னு கேட்டா ஆளுக்கு ஒன்னு சொல்வாங்க. அன்னைக்கு ஹார்பர் அண்ணன் சீக்கிரமே வந்து பின்னாடி உக்காந்துட்டு இருந்தாரு. டீச்சரம்மா, இத நான் காட்டட்டுமான்னு கேட்டாரு.

மாடியில துணி காயப்போடற கயித்த அவுத்து, நடுவுல தண்ணி கேன கட்டி, ரெண்டு பசங்க கிட்ட ஆளுக்கு ஒரு முனைய குடுத்தாரு. மொதல்ல பக்கத்துல பக்கத்துல நிக்க சொன்னாரு, ஈசியா தூக்கிட்டாங்க. அப்புறம் ஒரு ஒரு அடியா பின்னாடி போவ சொன்னாரு. போவப் போவ கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, கயிறு நேர்கோடா வரணும்னு இழுத்தாங்க பாருங்க, ரெண்டு பேராலயும் முடியல. சிலிங்க, அதான் லோட தூக்கற கயித்த, அகலமா போட்டா அறுந்துக்கும், அதனாலதான் ஃபோர்மேன் கத்துவாருன்னு சொன்னாரு. உடனே போர்டுல போட்டோம். 1 டன் லோடு, ரெண்டு கயிறும் நேரா தொங்கினா ஆளுக்கு அரை டன். ரெண்டு கயித்துக்கும் நடுவுல 120 டிகிரி விரிஞ்சிட்டா ஒவ்வொரு கயித்துலயும் முழுசா 1 டன். அதுக்கும் மேல விரிச்சா லோட விட கயிறு ஜாஸ்தி தாங்கணும். 120ல பாதி 60. காஸ் 60 அரைன்றத மனப்பாடம் பண்ணி வெச்சிருந்த புள்ளைங்க அந்த அரை எங்க போய் உக்காருதுன்னு அன்னைக்குத்தான் பாத்தாங்க. அண்ணனும் அவரு தெனம் பண்ற வேலைக்கு ஒரு கணக்கு இருக்குன்னு அன்னைக்குத்தான் பாத்தாரு, நோட்டுல தேதி போட்டு எழுதிக்கிட்டாரு.

நீட் கணக்குக்கு இது வேகத்த குடுக்குமான்னா குடுக்கும் சார், கோணம் விரிஞ்சா ஏறும்னு கைக்கு தெரிஞ்ச புள்ள நாலு ஆப்ஷன்ல ரெண்ட பாத்த உடனே தப்புன்னு அடிச்சிடும்.

காசிமேடு ஐஸ் பொட்டி | திங்கள், மாலை 4:40

இத படிச்சிட்டு எங்க வூட்டு கதைய சொல்லாம இருக்க முடியல. எங்கம்மா மீன் யாவாரம், வார்ஃபுல ஏலம் எடுத்து தெருவுல விக்கறவங்க. எனக்கு பத்தாவதுல ஃபிசிக்ஸ், மேத்ஸ் எடுத்த ஒரு சார் உள்ளுறை வெப்பம் பாடத்துல இத கணக்கா குடுத்தாரு. 100 கிலோ மீனு, 30 டிகிரில இருக்குது, 0 டிகிரிக்கு கொண்டாரணும், எவ்ளோ ஐஸ் வேணும். மீனோட தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோ மீன ஒரு டிகிரி எறக்க எடுக்கவேண்டிய சூடு, சுமார் 3.6 கிலோ ஜூல்னு வெச்சிக்கினா 100 இன்டு 3.6 இன்டு 30, 10,800 கிலோ ஜூல். ஒரு கிலோ ஐஸ் கரைய 334 கிலோ ஜூல். வகுத்தா கிட்டத்தட்ட 32 கிலோ.

நான் வூட்டுக்கு வந்து எங்கம்மா கிட்ட நீ துட்ட வீணாக்கறே, 32 கிலோ போதும்னு சொன்னேன். எங்கம்மா, போடா, மீனு எவ்ளோவோ ஐஸும் அவ்ளோ போட்டாத்தான் நிக்கும், இல்லனா மத்தியானத்துக்குள்ள கண்ணு செவந்து செவுளு வெளுத்துக்கும்னு சொல்லிட்டாங்க. மறுநாள் சார் கிட்ட போய் சொன்னேன். அவரு உங்கம்மா சொல்றதுதான் சரின்னாரு. அந்த 32 கிலோ மீனு சூட்ட எறக்க மட்டும். அதுக்கப்புறம் வெளி சூடு பொட்டிக்குள்ள வந்துக்கினே இருக்கும், அந்த சூட்ட வாங்கறதுக்குத்தான் மிச்ச ஐஸ். அப்ப பொட்டி நல்லா இருந்தா ஐஸ் கம்மியாவுமான்னு கேட்டேன். அத நீயே பாருன்னு சொல்லிட்டாரு. பழைய கூடைல ஒரு பங்கு, தெர்மாகோல் பொட்டில ஒரு பங்கு வெச்சு கரைஞ்ச தண்ணிய மக்குல அளந்தேன், கூடைல அம்புட்டும் தண்ணியா ஓடிச்சு. எங்கம்மா அதுக்கப்புறம்தான் மூடி வெச்ச தெர்மாகோல் பொட்டிக்கு மாறினாங்க. அந்த சார் எனக்கும் எடுத்தாரு, எங்கம்மாவுக்கும் எடுத்தாரு. நான் இப்ப ரெஃப்ரிஜரேஷன் லைன்ல இருக்கேன், டீச்சர் நீங்க மாடிய மூடாதீங்க.

கொருக்குப்பேட்ட கேட் | திங்கள், மாலை 5:02

செம கதை ப்ரோ. ஆனா துட்டு மேட்டர யாரும் பேசலையே.

திருவொற்றியூர் டியூஷன் அக்கா | திங்கள், இரவு 8:55

துட்டு மேட்டர நான் பேசறேன், நானும் இதே தொழில்தான், தேரடி பக்கம்.

டீச்சர், சின்ன கிளாஸ் பசங்கதான் நம்மளுக்கு அடி மண்ணு. ஃபீஸ் கம்மிதான் ஆனா ஆறாவதுல வந்த புள்ள பத்தாவது வரைக்கும் நம்ம கிட்டயே இருக்கும், அவங்கண்ணன், தங்கச்சி, பக்கத்து வூட்டு புள்ளன்னு வரும். பிளஸ் டூ கூட்டம் ஜூன்ல வரும், மார்ச்ல போயிடும், அத நம்பி கடன் வாங்கக் கூடாது. பெரியவங்க பேட்ச் நோட்டிஃபிகேஷன பொறுத்தது. குரூப் டில 100 கேள்வில 25 மேத்ஸ், 25 சயின்ஸ், ஆக பாதி பேப்பர் நம்ம கைல இருக்கு, தப்பான விடைக்கு மூணுல ஒரு பங்கு மார்க் கழிப்பாங்க, அதனால எத விடணும்னும் சொல்லிக்குடுக்கணும். குரூப் 4ல 200ல 25 கேள்வி கணக்கு, ரீசனிங். இந்த ரெண்டு அறிவிப்பும் வந்தா மாடி நெறையும், வரலனா நாலு பேருதான் இருப்பாங்க. ஒரு பக்கம் எறங்கறப்ப இன்னொரு பக்கம் ஏறும். எல்லா வயசும் வெச்சிருக்கறதுதான் டியூஷன் டீச்சருக்கு பாதுகாப்பு, ஒரே பரீட்சைய நம்பினவங்க கொரோனா சமயத்துல பட்ட பாட்ட நான் பாத்தேன்.

ஃபீஸ முன்பணமா மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள வாங்கிடுங்க, கேக்க கூச்சப்படாதீங்க. குடுக்கவே முடியாதவங்கள தனியா கூப்புட்டு பேசி ஃபீஸ் வேணாம்னு சொல்லிடுங்க, ஆனா அது நம்ம முடிவா இருக்கணும், மறந்து போச்சுன்னு இருக்கக் கூடாது. அப்புறம் தொண்டை. தெனம் ஆறு மணி நேரம் கத்தினா நாப்பது வயசுல குரல் போயிடும், மைக் ஒன்னு வாங்கிக்கோங்க. பி.எட். இருக்கு, டி.ஆர்.பி. முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு அப்ளை பண்ணிட்டே இருங்க, கவர்மென்ட் வேல கெடச்சா பகல்ல ஸ்கூல்லயே எல்லா வயசு புள்ளைங்களும் கெடைக்கும்.

பதிவில்லாதவன் 47 | செவ்வாய், இரவு 11:40

நான் வாத்தியார் இல்ல, இந்த மாதிரி ஒரு டியூஷன்ல படிக்கற ஆளு. வயசு 47. எட்டாவதோட நின்னுட்டேன், லாரி ஷெட்ல எலக்ட்ரீஷியன் வேல. ஒயரிங் எல்லாம் கைக்கு தெரியும், எந்த லோடுக்கு எந்த ஒயருன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா லைசென்ஸ் வேணும்னா பேப்பர் எழுதணும்னு சொன்னதும் கை கால் ஓடல.

எங்களுக்கு இருக்கற கஷ்டம் கணக்கு இல்லங்க, உக்காரறதுதான். பையன் வயசு புள்ளைங்க பாக்கறப்ப பின்னத்துல தப்பு பண்றது இருக்கே, ஒடம்பு கூசும். எனக்கு எடுக்கற மேடம் மொத நாளே வாய்ப்பாடு கேக்கல. ஈ.பி. பில்ல கொண்டு வர சொன்னாங்க. யூனிட்டுன்னா என்னன்னு கேட்டாங்க, இத்தன வருஷம் கரண்டு வேல பாக்கறேன், எனக்கு மீட்டர் ஓடறதுன்னுதான் சொல்ல தெரிஞ்சுது. ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட்டுன்னு சொல்லிட்டு, 75 வாட் ஃபேனு தெனம் 10 மணி நேரம், 60 நாளு, நீங்களே போடுங்கன்னாங்க. 45 யூனிட்டு. அப்ப ரெண்டு மாசத்துக்கு மொத 100 யூனிட்டு இலவசம், அதுல கிட்டத்தட்ட பாதிய ஒரு ஃபேனே தின்னுடுச்சு. அன்னைக்கு நைட்டு வூட்ல இருக்கற எல்லா சாமானுக்கும் போட்டு பாத்தேன், பில்லுல இருந்ததுக்கு ரொம்ப பக்கத்துல வந்துச்சு.

மைனஸ மைனஸால பெருக்கினா பிளஸ் எப்படின்னு கேட்டதுக்கும் ரூல்னு சொல்லல. 3 இன்டு மைனஸ் 2 மைனஸ் 6, 2 இன்டு மைனஸ் 2 மைனஸ் 4, 1க்கு மைனஸ் 2, 0க்கு 0ன்னு வரிசையா எழுத வெச்சு, ஒவ்வொரு படியும் எவ்ளோ ஏறுதுன்னு கேட்டாங்க. ரெண்டு ரெண்டா ஏறுது, அப்ப மைனஸ் 1க்கு பிளஸ் 2தானே வரும்னு நானே சொன்னேன். முப்பது வருஷத்துக்கு முன்னாடி யாராவது இப்படி எழுத வெச்சிருந்தா நான் ஸ்கூல விட்டு ஓடி இருக்க மாட்டேன். டீச்சர், சின்னப் பசங்களுக்கு ஆளு கெடைப்பாங்க, நீட்டுக்கும் கெடைப்பாங்க. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு எட்டு மணிக்கு மேல கதவ தொறந்து வெக்கறவங்க யாரு இருக்காங்க சொல்லுங்க.

எம்.கே.பி. நகர் ஃபிசிக்ஸ் | புதன், காலை 7:10

மேலே அண்ணன் எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். நான் சொன்னத வாபஸ் வாங்கல, நீட்டுக்கு தெனமும் அந்த கணக்குலயே இருக்கணும்ன்றது உண்மைதான். ஆனா மேடம் கைல இருக்கறது வேற ஒரு வேல, அத செய்ய நம்ம ஏரியால ஆளு ரொம்ப கம்மி.

ஒன்னு சொல்றேன். முழு நேரம்தான் வேணும்னு சென்டர் கேட்டாலும் மணிக்கணக்கு சம்பளத்துல சனி, ஞாயிறு காலைல எடுக்க ஃபேகல்ட்டிய வெச்சுக்கறது எல்லா எடத்துலயும் நடக்குது. கேட்டுப் பாருங்க. கேக்கறப்ப மூணு விஷயம் பேப்பர்ல வாங்கிக்கோங்க: மணிக்கு எவ்ளோ, கிளாஸ் கேன்சல் ஆனா எவ்ளோ, நீங்க எழுதற நோட்ஸ் யாருக்கு சொந்தம். கடைசி ஒன்ன யாரும் கேக்கறதில்ல, அப்புறம் நம்ம நோட்ச அவங்க பேர்ல பிரிண்ட் போட்டு விக்கறப்ப ஒன்னும் பண்ண முடியாது. அப்புறம் மேடம், அந்த 6, 3, 2 கணக்க நான் நேத்து ரிப்பீட்டர் பேட்ச்ல போட்டேன். அதோட சராசரி வேகத்தையும் சேத்துக்கோங்க. திருவொற்றியூர்ல இருந்து பாரிஸ் கார்னர் போறப்ப 40ல போயி, திரும்பறப்ப டிராஃபிக்ல 10ல வந்தா சராசரி 25 கெடயாது, 16. ரிப்பீட்டர் பசங்கள்லயே பாதி பேரு 25தான் சொன்னாங்க.

தண்டையார்பேட்டை டீச்சர் | வியாழன், இரவு 10:20

16 வருதான்னு என் வீட்டுக்காரரே பேப்பர் எடுத்து போட்டு பாத்தாரு சார். 10 கி.மீ.ன்னு வெச்சா போக கால் மணி நேரம், வர ஒரு மணி நேரம், 20ஐ ஒன்னேகாலால வகுத்தா 16. நாளைக்கு எட்டாவதுக்கு இதத்தான் குடுக்கப்போறேன்.

சென்டருக்கு முழு நேரம் முடியாதுன்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம காலைல மட்டும், மணிக்கணக்குலன்னா வரேன்னு கேட்டிருக்கேன், யோசிச்சு சொல்றோம்னு சொல்லி இருக்காங்க. ஒத்துக்கலனாலும் பரவால்ல, மாடிய மூடல. வீட்ல கொஞ்சம் மூஞ்ச தூக்கினாங்க, கணக்கு போட்டு காட்டினேன், திருவொற்றியூர் அக்கா சொன்ன மாதிரி மாசா மாசம் எந்த பேட்ச்ல இருந்து எவ்ளோன்னு பிரிச்சு எழுதினதும் பேச்சு நின்னுடுச்சு. டி.ஆர்.பி.க்கும் படிக்க ஆரம்பிக்கறேன்.

புதுசா ஒன்னு செய்யப் போறேன். சனிக்கெழம சாயங்காலம் ஒரு மணி நேரம் எல்லா வயசுக்கும் சேத்து ஒரே கிளாஸ். ஒரு வாரம் ஒரே ஒரு கணக்கு, அத ஏழாவதும் போடும், பிளஸ் டூவும் போடும், குரூப் டியும் போடும், ஆளாளுக்கு எந்த எடத்துல நிக்குதுன்னு பாத்து அடுத்த வாரம் கிளாச அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கறேன். மொத வாரம் ஐஸ் கணக்கு, காசிமேடு தம்பி அனுமதி குடுத்தா. 47 வயசு அண்ணே, நீங்க படிக்கற எடம் தூரமா இருந்தா இங்க வாங்க, எட்டு மணிக்கு மேல பெரியவங்க மட்டும்தான் இருப்பாங்க, பசங்க யாரும் இருக்க மாட்டாங்க.

பத்தாவது எழுதற ரெண்டு அக்காவுக்கு ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியம் கணக்கு புக்கு வேணும், பழசா இருந்தாலும் பரவால்ல. போன்ல பி.டி.எஃப். பாத்து அவங்களுக்கு வர மாட்டேங்குது.

காசிமேடு ஐஸ் பொட்டி | வியாழன், இரவு 10:34

தாராளமா போடுங்க டீச்சர். எங்கம்மாவையே சனிக்கெழம இட்டாறேன், மீனு எடைய அவங்க சொல்லட்டும். தெர்மாகோல் பொட்டி, கூடை ரெண்டும் எடுத்துக்கினு வரேன், தெர்மாமீட்டர் மட்டும் உங்க கிட்ட இருக்கான்னு சொல்லுங்க.

கொடுங்கையூர் அம்மா | வியாழன், இரவு 10:51

ஆறாவது, ஏழாவது புக்கு என் பொண்ணோடது இருக்கு, எட்டாவது பக்கத்து வீட்ல கேக்கறேன். பொண்ணையும் கூட்டிட்டு வரேன் டீச்சர், பிளஸ் ஒன் பேட்ச் எத்தன மணிக்கு?

தண்டையார்பேட்டை டீச்சர் | வியாழன், இரவு 10:58

பிளஸ் ஒன் ஆறரைக்கு. தெர்மாமீட்டர் ரெண்டு இருக்கு தம்பி.